செடியில் தைத்த ஐந்து கத்தரிக்காய்

கடை மேஜை,
புதன்கிழமை மத்தியானம்.

என் செல்லக் கழுதைக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் இரண்டு தையல் மெஷின்களும் சௌக்கியம், மூன்றாவது மெஷின் மட்டும் வழக்கம்போல எண்ணெய் கேட்டு முனகிக்கொண்டிருக்கிறது. அங்கே நீயும் உன் இருமலும் எப்படி இருக்கிறீர்கள்? இருமல் போய்விட்டதென்றால் ரொம்ப சந்தோஷம், போகவில்லையென்றால் டாக்டரிடம் போ, ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறோம் என்ற தைரியத்தில் நீயே எதையாவது கலக்கிக் குடித்து வைக்காதே. இதையெல்லாம் போனிலேயே கேட்கலாமே என்பாய். போனில் நான் வாயைத் திறந்ததும் உன் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள், முக்கால் மணி நேரம் பேசிவிட்டு, அப்பா நல்லா இருக்கார் என்று ஒரே வரியில் என்னை முடித்து வைத்துவிடுகிறாள். அதிலும் நான் இப்போது சொல்லப்போகிற கதையை அவள் வாயால் நீ கேட்டால் என் மானம் கப்பலேறிவிடும். ஏறுவதுதான் ஏறுகிறது, நானே ஏற்றிவிடுகிறேன்.

வெட்கக்கேட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை விடிகாலை ஐந்தரை மணிக்கு, முப்பத்தொரு வருஷமாகக் கட்டிங் மாஸ்டர் என்று பெயர் வாங்கிய உன் அப்பாவாகிய நான், பைஜாமாவை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, ஈர மண்ணில் குந்தி உட்கார்ந்து, மார்க்கெட்டில் வாங்கிய ஐந்து கத்தரிக்காய்களை நம் வீட்டுப் பின்பக்கத்துச் செடிகளில் தைத்தேன். ஒட்டவில்லை, கட்டவில்லை, ஊசி நூல் வைத்துத் தைத்தேன். இரட்டை நூல், ஓரம் அடிக்கிற ஹெம்மிங் தையல். தையற்காரன் கத்தரிக்காய் என்றதும் உனக்கு ஒரு கத்தரிக்கோல் ஜோக் தோன்றும் என்று தெரியும், வேண்டாம் கண்ணு, உன் அம்மா அதை நாலு முறை அடித்துத் தீர்த்துவிட்டாள், ஐந்தாவதைத் தாங்க எனக்குத் தெம்பில்லை.

ஏன் தைத்தேன் என்பதற்கு நீ கொஞ்சம் பின்னால் போக வேண்டும். நீ போன பிறகு நாங்கள் மாறி வந்த இந்த வீட்டின் பின்பக்கம் ஒரு துண்டு மண் இருக்கிறது என்று எழுதியிருந்தேன் அல்லவா, பதினெட்டடிக்கு ஏழடி, ஓரம் கொஞ்சம் கோணல், கடைசி பீஸில் மிஞ்சிய துணி மாதிரி. உன் அம்மா அதைப் பார்த்த முதல் நாளே செருப்பைக் கழற்றிவிட்டு அதில் நின்றாள். அவளுக்கு என்னைக் கட்டிக்கொண்ட இருபத்தாறு வருஷமும் இரண்டாம் மாடி, மூன்றாம் மாடி என்றே போயிற்று. ஒரு தடவை பெயிண்ட் டப்பாவில் தக்காளி வைத்து, தண்ணீர் சொட்டுகிறது என்று கீழ்வீட்டுக்காரி சண்டைக்கு வந்தது உனக்கே ஞாபகம் இருக்கும், நீதான் டப்பாவைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினாய். இந்த மண்ணைப் பார்த்து, இதுல காய்கறி போடலாங்க என்று சொன்னாள், அவ்வளவுதான். கல்யாணமான நாளிலிருந்து அவள் வாய்விட்டுக் கேட்டது மொத்தம் இரண்டு, ஒன்று நீ, இன்னொன்று இது. நீ பாட்டுக்குப் பறந்துபோய்விட்டாய், இதையாவது காப்பாற்றிக் கொடுப்போம் என்று நான் நெஞ்சை நிமிர்த்திய அன்று சாயங்காலமே வீட்டுக்காரர் வந்து நின்றார். அவர் அடுத்த தெரு, கார் வாங்கப் போகிறாராம், அவர் வீட்டில் நிறுத்த இடமில்லையாம், பின்பக்கத்துக்குச் சிமெண்ட் போட்டுவிட்டால் கார் சும்மா ஜம்மென்று நிற்குமாம். உன் அம்மா கையில் இருந்த நாற்றுக் கட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள், பிஸ்கட் திருடின குழந்தை மாதிரி. அதைப் பார்த்ததும் அந்த மனுஷனுக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. சரிம்மா, கார் வர ரெண்டு மாசம் ஆகும், அதுக்கு முந்தி, அடுத்த மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை வர்றேன், ஒரு காய், ஒரே ஒரு காய் கண்ணால பார்த்தேன்னா தோட்டம் உங்களுது, இல்லைன்னா திங்கக்கிழமை சிமெண்ட் என்று சொல்லிவிட்டுப் போனார். ஆக, ஏழு வாரம், ஒரு காய்.

குளிர் முழுசாகப் போய், வெயில் இன்னும் பல்லைக் காட்டாத நாட்கள் அவை, செடி வைக்க இதைவிட நல்ல நேரம் இல்லை என்று நாற்றுக்காரர் சொன்னார். அவர் சொன்ன மற்றதையெல்லாம் நாங்கள் எங்கள் வழியில்தான் செய்தோம். அவர் ஒரு முழம் விட்டு நடணும் என்றார், யார் முழம் என்று கேட்டேன், முறைத்தார். கடையிலிருந்து டேப் எடுத்து வந்து பதினெட்டு அங்குலத்துக்கு ஒரு குறி என்று சாக்பீஸால் மண்ணில் கோடு போட்டேன். சாக்பீஸ் மண்ணில் தெரியாது என்பதை அரைப் பெட்டி தீர்ந்த பிறகுதான் கண்டுபிடித்தேன். உன் அம்மா பழைய செய்தித்தாளில் பாத்தியின் பேட்டர்ன் வெட்டி மண்மேல் விரித்து, ஓரத்துக்கு மூன்று அங்குலம் தையலுக்கு விட்டிருக்கேன் என்றாள், எதற்கு என்றேன், பழக்கம் என்றாள். பீன்ஸ் கொடிக்குக் கட்டியது எலாஸ்டிக், தக்காளிக்கு முட்டுக் கொடுத்தது உடைந்த அளவுகோல். இப்படியாக எட்டு தக்காளி, எட்டு கத்தரி, எட்டு குடைமிளகாய், ஒரு வரிசை பீன்ஸ், மூலையில் ஒரு வெள்ளரி, எல்லாம் நேர் தையல் போட்டது மாதிரி வரிசையாக நின்றன. எதிர்வீட்டு அம்மாள் வந்து பார்த்து, தோட்டமா இது, யூனிபார்ம் போட்ட பள்ளிக்கூடப் பிள்ளைங்க மாதிரி இருக்கு என்று சொல்லிவிட்டுப் போனாள். அதைப் பாராட்டு என்றே இன்றுவரை வைத்திருக்கிறேன்.

குழப்பம் எங்கே வந்தது தெரியுமா, சீட்டில். எந்த வரிசையில் என்ன செடி என்று உன் அம்மா அழகாக எழுதி, குச்சியில் ஊக்கு குத்தி வைத்தாள். எழுதியது நம் கடை அளவுச் சீட்டிலேயே, அதே பென்சிலால், கிழிந்தால் மாற்ற என்று எழுதிய உபரிச் சீட்டுகளைப் போட்டு வைத்ததும் கஸ்டமர் அளவுகள் கிடக்கிற அதே பிஸ்கட் டப்பாவில். ஒரு நாள் காற்றடித்து நாலைந்து சீட்டு பறந்துபோக, நான் போய் டப்பாவிலிருந்து எடுத்துக் குத்திவிட்டு வந்தேன். இரண்டு நாள் கழித்து, உனக்குத்தான் தெரியுமே அந்தத் தபால் ஆபீசர், உட்கார்ந்தால் ஸ்டூல் கண்ணுக்குத் தெரியாதே, அவர் மனைவி பேண்ட்டைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தாள். பின்பக்கம் குத்தியிருந்த சீட்டைக் கடையில் இருந்தவர்கள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி படித்தாள், வெள்ளரி, நல்லாப் படரும், நிறைய இடம் விடணும். அவள் கோபமாக இருக்கிறாளா சிரிக்கிறாளா என்றே எனக்குத் தெரியவில்லை, கடைசியில் மாஸ்டர், அளவு கரெக்டுதான் என்று சொல்லிவிட்டுப் போனாள். தோட்டத்தில் போய்ப் பார்த்தால் மூன்றாவது வரிசையில், கை நீளம் இருபத்து மூணு, காலர் வேண்டாம் என்று இருக்கிறது. எது எந்தச் செடி என்று இரண்டு பேருக்கும் மறந்துவிட்டது. இலையைத் தொட்டுப் பார்த்தேன், துணி என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டே காட்டனா பாலியெஸ்டரா சொல்லிவிடுவேன், இதில் எல்லாம் ஒரே பச்சையாக இருந்தது. குத்துமதிப்பாக மூன்றாவது வரிசை கத்தரி, நாலாவது குடைமிளகாய் என்று முடிவு பண்ணினோம். நான்தான் முடிவு பண்ணினேன் என்று உன் அம்மா இப்போது பக்கத்தில் நின்று திருத்தச் சொல்கிறாள், திருத்திவிட்டேன்.

குருவித் தொல்லைக்குக் கடைப் பொம்மையைக் கொண்டுபோய் நட்டேன், யாரும் வாங்க வராமல் கிடந்த அந்தக் கட்டம் போட்ட கோட்டை மாட்டி. குருவிகள் அதன் தோளில் உட்கார்ந்துதான் பீன்ஸைப் பார்வையிட்டன. அதாவது பரவாயில்லை, சுவருக்கு அந்தப் பக்கத்து ஓய்வு பெற்ற ஓவிய வாத்தியாருக்குக் கண் கொஞ்சம் மங்கல், ஒரு வாரமாகக் காலையில் அதற்கு வணக்கம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். அப்புறம் என்னிடம் வந்து, தப்பா நினைக்காதீங்க மாஸ்டர், உங்க வீட்டுக்கு வந்திருக்கிறவருக்கு ரொம்பத் தலைக்கனம், ஒரு பதில் வணக்கம்கூடச் சொல்லமாட்டேங்கிறார் என்று குறைப்பட்டார். அவருக்குக் காது கேட்காது சார் என்று சொல்லிவிட்டேன். அதிலிருந்து வாத்தியார் சத்தமாக வணக்கம் சொல்கிறார். இப்போது போய் உண்மையைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, நீ லீவுக்கு வரும்போது நீயே சொல்லிவிடு, சின்னப் பெண் சொன்னால் கோபப்படமாட்டார்.

ஏழு வாரம் இப்படிப் போயிற்று. உன் அம்மா காலையில் கடை திறப்பதற்கு முன் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் அங்கேதான். தண்ணீர் ஊற்றுவாள், களை பிடுங்குவாள், ஒவ்வொரு செடியிடமும் அன்றைக்கு வந்த கஸ்டமர்களைப் பற்றிப் புறணி பேசுவாள், என்னைப் பற்றியும்தான், ஒருநாள் ஜன்னல் வழியாகக் கேட்டேன், தக்காளியிடம் என் குறட்டையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். செடிகள் எல்லாம் தளதளவென்று வளர்ந்தன. பூ வந்தது. காய் மட்டும் வரவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு பேரும் ஒவ்வொரு செடியாகக் குனிந்து பார்த்தோம், ஒன்றுமில்லை. உன் அம்மா மண்வெட்டியைக் கழுவித் துடைத்து, தோட்டத்துக்கென்று தைத்து வைத்திருந்த ஏப்ரனை நாலாக மடித்து, டெலிவரிக்குத் தயாரான துணியை வைக்கிற அலமாரியில் வைத்தாள். திரும்ப வராத துணியைத்தான் நாம் அங்கே வைப்போம். எனக்கு அதைப் பார்க்கவே முடியவில்லை கண்ணு. அவள் அழுதிருந்தால்கூட ஏதாவது ஜோக் அடித்துச் சமாளித்திருப்பேன், மடிக்கிறாளே.

அதனால்தான் அன்று ராத்திரியே மார்க்கெட்டுக்குப் போனேன். இருப்பதிலேயே சின்னதாக, காம்போடு இருக்கிற கத்தரிக்காயாகப் பொறுக்கினேன். இரண்டு என்றால் கஞ்சத்தனம், பத்து என்றால் பேராசை, ஐந்துதான் நம்புகிற மாதிரி இருக்கும் என்று கணக்குப் போட்டேன். விளக்குப் போட்டால் அவள் விழித்துக்கொள்வாள் என்று விடியலின் அரை வெளிச்சத்திலேயே உட்கார்ந்து, மூன்றாவது வரிசையில் ஐந்து செடிக்கு ஒன்றாகக் காம்பைக் கிளையோடு சேர்த்துத் தைத்தேன். நீ சிரிப்பாய், ஆனால் நான் செய்த வேலையிலேயே சுத்தமான வேலை அது. ஒரு பெரிய மனிதரின் கல்யாணக் கோட்டுக்குக்கூட அத்தனை பொறுமையாகப் பட்டன் துளைக்குக் காஜா போட்டதில்லை.

பத்து மணிக்கு வீட்டுக்காரர் வந்தார், தனியாக அல்ல, அவர் அக்காவையும் கூட்டிக்கொண்டு. கண்ணாடி போட்ட, வாய் மூடின, எல்லாவற்றையும் இரண்டு தடவை பார்க்கிற அம்மாள். அந்த அம்மாள் ஒரு நாற்றுப் பண்ணையில் இருபது வருஷம் வேலை பார்த்தவர் என்பதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. உன் அம்மா தூக்குமேடைக்குப் போகிறவள் மாதிரி நடந்து வந்தாள், மூன்றாவது வரிசையைப் பார்த்தாள், அப்படியே நின்றாள். அவள் கண்ணாடி மெஷின்மேல் இருந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஏங்க, ஏங்க, காய்ச்சிருக்குங்க, ராத்திரியோட ராத்திரியா காய்ச்சிருக்குங்க என்று என் கையைப் பிடித்து உலுக்கினாள். அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும், நீ பரீட்சையில் முதல் மார்க் வாங்கின அன்றைக்கு இருந்த அதே முகம். நானும் ஆமாம், ஆச்சரியமா இருக்கே என்றேன், என் குரல் எனக்கே யாரோ மாதிரி கேட்டது. வீட்டுக்காரர், பரவாயில்லையே மாஸ்டர் என்று தலையாட்டினார். அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் உன் அம்மாவுக்குச் சந்தோஷம் வந்தால் கை சும்மா இருக்குமா, முதல் காய் உங்களுக்குத்தான் அக்கா என்று சொல்லி, குனிந்து ஒரு கத்தரிக்காயைப் பிடித்து இழுத்தாள்.

வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தாள். செடி சாய்ந்தது, காய் வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். என் தையல் கண்ணு, இரட்டை நூல், என் ஆயுசில் போட்ட ஒரு தையலாவது பிரிய வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டது அன்றைக்குத்தான். மளக்கென்று ஒரு சத்தம், செடி வேரோடு உன் அம்மா கையில், அதில் கத்தரிக்காய் அப்படியே ஆடிக்கொண்டிருக்கிறது. வீட்டுக்காரர், என்னம்மா இது, வேரோட வருது என்றார். உன் அம்மா அந்தக் காம்பைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். பச்சை நூல் என்று நினைத்து நான் எடுத்தது கருநீலம், அரை வெளிச்சத்தில் தெரியவில்லை. ஒரே ஒரு நொடிதான், அப்புறம் உன் அம்மா கல் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, இன்னும் முத்தலைங்க, அதான் விடமாட்டேங்குது என்றாள். இப்படி ஒரு பெண்டாட்டி யாருக்குக் கிடைக்கும் சொல்.

அக்கா அந்தச் செடியைக் கையில் வாங்கி, கண்ணாடியை இறக்கி ஒரு முறை, ஏற்றி ஒரு முறை பார்த்தார். தம்பி, அந்தப் பம்பு ஒழுகுது பாரு, போய்ப் பார்த்துட்டு வா என்று வீட்டுக்காரரை அனுப்பினார். அவர் நகர்ந்ததும் என்னிடம் மெதுவாக, மாஸ்டர், எனக்கு எழுபது வயசாகப் போகுது, குடைமிளகாய்ச் செடியில கத்தரிக்காய் காய்ச்சு இப்பத்தான் பார்க்கிறேன், அதுவும் ஓரம் அடிச்சு என்றார். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போனால் தேவலை என்றிருந்தது, ஆனால் அங்கேயும் ஏதாவது தப்பான செடியின் வேர்தான் இருந்திருக்கும். உன் அம்மா, மன்னிச்சிடுங்கக்கா, எனக்கு இது தெரியாது, காய் இல்லைன்னு நாங்களே சொல்லிடறோம், சிமெண்ட் போட்டுக்கட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டாள். அந்த அம்மாள் முட்டி கடகடக்கக் கீழே உட்கார்ந்து, பீன்ஸ் கொடியின் அடி இலைகளை ஒவ்வொன்றாகத் திருப்பினார், நாங்கள் நின்றுகொண்டு குனிந்து மேலாகப் பார்த்த இலைகள். டேய் தம்பி, இங்க வா என்று கூப்பிட்டார். வீட்டுக்காரர் வந்தார். இலைக்கு அடியில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு பீன்ஸ், பக்கத்தில் இன்னொன்று, அந்தாண்டை மூன்று. நூல் இல்லாமல், முடிச்சு இல்லாமல், அதுபாட்டுக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. காய் கேட்டியே, இதோ இருக்கு, சொன்ன வார்த்தையைக் காப்பாத்து, காரைத் தெருவுல நிறுத்திக்கோ என்றார் அக்கா. வீட்டுக்காரர், அப்ப அந்தக் கத்தரிக்காய் என்று ஆரம்பித்தார், அது அலங்காரம்டா என்று அக்கா தம்பியின் வாயை அடைத்துவிட்டுக் கிளம்பினார். வாசலில் நின்று என்னிடம், என் கோட்டுக்கு லைனிங் மாத்தணும், கருநீல நூல் போடாதீங்க என்றார். நேற்றே மாற்றிக் கொடுத்துவிட்டேன், பட்டுத்துணி போட்டு.

அவர்கள் போனதும் உன் அம்மா கதவைச் சாத்திவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தாள். பத்து நிமிஷம். சிரித்துச் சிரித்து விக்கல் வந்து, தண்ணீர் கொடுத்து, தண்ணீரும் மூக்கு வழியாக வந்தது. அப்புறம் மிச்ச நாலு கத்தரிக்காயையும் பிரிக்கக் கத்திரியோடு போனவள், பிரிக்காமல் திரும்பி வந்தாள். எல்லாம் சரிங்க, முடிச்சு ஏன் வெளியே தெரியுது, கடைப்பேர் கெட்டுடாதா என்றாள். அந்த நாலும் இன்னும் அங்கேதான் ஆடிக்கொண்டிருக்கின்றன, வருகிறவர்கள் போகிறவர்களுக்கெல்லாம் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுகிறாள். ஏப்ரன் அலமாரியிலிருந்து வெளியே வந்துவிட்டது.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ அனுப்பிய போட்டோவில் உன் கோட்டின் மூன்றாவது பட்டன் ஒரே இழையில் தொங்குகிறது, தையற்காரன் மகள் அப்படி வீதியில் போகலாமா, இன்றைக்கே தைத்துவிடு, நாலு சுற்று சுற்றி அடியில் முடிச்சுப் போடு. வேளைக்குச் சாப்பிடு, நின்றுகொண்டு சாப்பிடாதே. கூட இருக்கிற பெண் உன் பாத்திரத்தைக் கழுவாமல் வைக்கிறாள் என்று எழுதியிருந்தாய், சண்டை போடாதே, ஒருநாள் நீயும் கழுவாமல் வைத்துப் பார். ஞாயிற்றுக்கிழமையாவது கொஞ்சம் தூங்கு. ஜன்னல் ஓரம் இடமிருந்தால் ஒரு தொட்டியில் பீன்ஸ் போடு, இந்தக் கடிதத்தோடு ஏழு விதை மடித்து வைத்திருக்கிறேன், உன் அம்மா நம் கொடிக் காயையே முத்தவிட்டு விதை எடுத்துத் தருகிறேன் என்றாள், அவ்வளவு பொறுமை எனக்கில்லை, கடையில் வாங்கியதுதான். நீ எந்தக் குறையுமில்லாமல், சிரித்த வாய் மூடாமல், நூறு வருஷம் இருக்க வேண்டும் என்று நாங்கள் இருவரும் மனசார வாழ்த்துகிறோம். பட்டனை மறக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மாவிடம் இனி எந்தக் காயையும் தைக்கமாட்டேன் என்று சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கும்,
உன் அப்பா

பி.கு.: நேற்று வீட்டுக்காரரின் புதுக் கார் வந்து வாசலில் நின்றது. கழுத்தில் டேப் கிடந்ததால் கை சும்மா இருக்கவில்லை, அளந்து பார்த்தேன். காரின் அகலம் ஐந்தே முக்கால் அடி. பின்பக்கம் போக வீட்டை ஒட்டி ஒரே ஒரு சந்துதான் இருக்கிறது, அதன் அகலம் நாலே கால்.